இவெட் லாரோஷ் அழுத்திய பச்சைப் பொத்தான்

இவெட் லாரோஷ் தேர்தலில் நிற்கவே இல்லை. அந்த நவம்பரில் டன்மோர் ஃபால்ஸின் சட்டமன்ற இடத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரே மனிதர், கடைசி வாரத்தில் முழங்கால் வலி என்று சொல்லி ஃப்ளோரிடாவுக்கு வெயில் காயப் போய்விட்டார். வாக்குச்சீட்டில் காலியாக விட்டிருந்த கோட்டில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பெயரை எழுதினார்கள். மூன்று பேர் தங்கள் நாயின் பெயரை எழுதினார்கள். அறுபத்தெட்டுப் பேர், யாரும் யாரிடமும் சொல்லிவைக்காமலே, பள்ளிப் பேருந்து ஓட்டும் இவெட்டின் பெயரை எழுதினார்கள். ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருந்த எல்லாரும் ஒரு காலத்தில் அவள் முதுகைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவர்கள்தானே.

செய்தி வந்தபோது அவள் பேருந்துக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, "நாய் ஜெயிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். நானூறு பேர் உட்காரும் சபை, ஆண்டுக்கு நூறு டாலர் சம்பளம், தலைநகருக்குப் போக இரண்டரை மணி நேரம். நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில் இருப்பவர்களுக்கு இந்தப் பதவியால் தேய்வது டயர்தான். ஆனாலும் அறுபத்தெட்டுப் பேர் பென்சிலை எடுத்து எழுதியிருக்கிறார்களே என்று டிசம்பரில் போய்ப் பதவி ஏற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது.

அப்பா காகித மில்லில் முப்பத்தோராண்டு கூழ் கிண்டியவர். இவெட்டும் பள்ளி முடித்த கையோடு அதே மில்லில் சேர்ந்தாள். மில் மூடியபோது ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. அவள் மட்டும் மறுவாரமே பேருந்து உரிமத்துக்கு எழுதிப் போட்டாள். கணவன் ரெழான் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று மிஞ்சிய சொந்தம் அண்ணன் லூசியன் ஒருவன்தான். அவளைவிட நான்கு வயது மூத்தவன், வீட்டை ஒட்டிய கொட்டகையில் துப்பாக்கி விற்று, பழுது பார்த்துப் பிழைப்பவன்.

ரெழான் போன பிறகு அவள் வீட்டு வண்டிப்பாதையில் பனி தள்ளுவது லூசியனின் வேலை ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பனி விழுந்த நாட்களில் அவள் காலையில் கண் விழிப்பதே பனி தள்ள அவன் வண்டியின் முன்னால் மாட்டிய இரும்புத் தகடு தரையை உரசும் சத்தத்தில்தான். பேருந்து அவள் வீட்டு வாசலில்தான் நிற்கும். அதைச் சுற்றிச் சுத்தமாக வழித்து, சாலை வரை வழி விட்டு, காபிக்குக்கூட இறங்காமல் போய்விடுவான். அன்பை வாயால் சொன்னால் பல் விழுந்துவிடும் என்று நினைக்கும் குடும்பம் அது. பனி தள்ளித்தான் சொல்வார்கள்.

ஜனவரியில் அந்த மசோதா வந்தது. துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி இருக்கிறதே, மேகசின், அதில் பத்துக்கு மேல் தோட்டா கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இரண்டு பக்கமும் கடிதங்கள் குவிந்தன. இவெட் ஒவ்வொன்றையும் படித்தாள், தூக்கம் வராத அளவுக்குப் படித்தாள். பிறகு, மற்றவர் வாயால் தெரிவதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"நான் அதுக்கு ஆதரவா ஓட்டுப் போடப்போறேன், லூசியன்" என்றாள், பீன்ஸ் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளியபடி.

லூசியன் கரண்டியைக் கீழே வைத்தான். "பத்தோட நிறுத்துன்னு சட்டம் போட்டா, சுட வர்ற பாவி பத்தோட நிறுத்திருவானா? காலிப் பெட்டியக் கழட்டிட்டு இன்னொன்ன செருகுவான். ஒரு செகண்டு வேல."

"மூணு செகண்டு."

"எவன் சொன்னான்?"

"ஆகஸ்ட்ல டிரைவருங்களுக்குப் பயிற்சி குடுக்க வந்த போலீஸ்காரர். கடிகாரத்த வச்சு செஞ்சு காட்டினாரு. பழக்கமில்லாதவன்னா மூணு, கை நடுங்கினா இன்னும் கூட. அந்த நேரத்துலதான் பிள்ளைங்கள நகத்தணும்னாரு."

"பழகினவன்னா?"

"கொறையும்தான். நான் இல்லேங்கல."

"அப்புறம் என்னத்துக்கு இந்தச் சட்டம்?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ பின்கதவு வழியா பிள்ளைங்கள எறக்கிப் பழக்குறேன். நேரம் குறிச்சு வைக்கிறேன். மூணு செகண்டுல ரெண்டு பேரு எறங்கிருவாங்க. கீழ நின்னு பிடிக்க ஆள் இருந்தா மூணு பேரு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்ளோதான். முப்பதுக்கு ஒரு தடவ அவன் நிறுத்துறதுக்குப் பதிலா பத்துக்கு ஒரு தடவ நிறுத்தினா, எனக்குக் கூட ரெண்டு மூணு பேரு கெடைப்பாங்க."

லூசியன் தட்டைத் தள்ளி வைத்தான். "என் கடையில இருக்கறதுல முக்காவாசி பதினஞ்சு, பதினேழு போடறது. சட்டம் வந்தா அன்னிக்கிக் காலையில நான் குத்தவாளி. பைத்தியம் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற எவனோ இல்ல, நான். நாப்பது வருஷத்துல ஒரு சந்தேகமான ஆளுக்கு ஒரு தோட்டா வித்திருப்பனா? சொல்லு."

"விக்கல."

"அப்ப?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவளும் துப்பாக்கி தொடாதவள் அல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போகிறவள், ஊரில் பாதி ஆண்களைவிட நன்றாகக் குறி பார்ப்பவள். வாய் சும்மா இருக்காமல் இன்னொன்றையும் சொன்னாள். "வாத்து வேட்டைக்கு மூணு தோட்டாதான்னு சட்டம் இருக்குல்ல. மேல போகாம இருக்க மரக்கட்ட சீவி உள்ள வச்சுக் குடுக்கறதே நீதான்."

"வாத்த நீ இதுல இழுக்காத" என்று எழுந்தான் லூசியன். "அது வாத்து தீந்துபோயிரும்னு போட்ட சட்டம். இது என்னையத் தீத்துக்கட்டப் போடற சட்டம்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பீன்ஸ் அப்படியே இருந்தது.

அடுத்த பனி செவ்வாய்க்கிழமை விழுந்தது, ஓரடிக்கு மேல். இவெட் சத்தம் கேட்காமல் தூங்கிப் போனாள். விழித்தபோது பேருந்தின் சக்கரம் பாதிவரை மூடியிருந்தது. பனிவாரியை எடுத்து வாரினாள், வாரினாள், இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. முதல் நிறுத்தத்துக்குப் போகவே இருபத்தைந்து நிமிடம் தாமதம். கைபேசி எடுக்காத மலைச்சாலை அது. நான்கு பிள்ளைகள் அந்தக் குளிரில் நின்றபடியே இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக் காது மடல் வெளுத்துப்போய், பள்ளி நர்ஸ் அரை மணி நேரம் கையால் பொத்தி வைத்திருந்து சரிசெய்தாள்.

அந்தப் பிள்ளையின் தாய் அன்று மாலையே லூசியனின் கொட்டகைக்குப் போனாள். "உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் ஆயிரம் இருக்கட்டும். என் மக காது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். ஊரில் நேருக்கு நேர் அப்படிப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். அப்போதும் லூசியன் பனி தள்ள வண்டியை எடுக்கவில்லை. பிடிவாதம் என்றால் அந்த வீட்டு ரத்தத்தில் ஊறியது. அண்ணனுக்கு மட்டும் வந்ததல்ல. இவெட்டும் போய்க் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பனி விழுந்த நாளெல்லாம் மூன்றரை மணிக்கே எழுந்து தானே வாரினாள்.

மார்ச் மாதம் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. முந்தைய நாளும் பனி. பேருந்தும் காரும் போக மட்டும் வழி வாரிவிட்டு, மாற்று டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தன் சின்னக் காரில் தலைநகருக்கு ஓட்டினாள். வழியெல்லாம் ஒரே யோசனைதான்: கடைசி நிமிடத்தில் தைரியம் விட்டுப்போனால் என்ன செய்வது? லூசியனுக்காக மாறிவிடுவேனோ?

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மசோதாவை முதலில் அலசிப் பார்க்கும் குழு அதைக் கொல்லச் சொல்லிப் பரிந்துரைத்தால், வாக்கெடுப்பு மசோதாவின் மேல் நடக்காது, கொல்லலாமா என்பதன் மேல் நடக்கும். பச்சை என்றால் ஆம், அதனால் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மசோதா சாகும். பிழைக்க வேண்டுமென்றால் சிவப்பு. இந்த மசோதாவுக்கும் அப்படித்தான் பரிந்துரை வந்திருந்தது. புதியவர்களுக்கு நடத்திய வகுப்பில் இதை மூன்று தரம் சொன்னார்கள். இருபது ஆண்டு இருந்தவர்களும் எப்போதாவது சறுக்கும் இடம் என்றும் சொல்லிச் சிரித்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. விவாதம் முடிந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுந்து, சபாநாயகரிடம் கேள்வி கேட்கிற பாவனையில் கடைசிப் பிரசங்கத்தை நடத்துவார். "இன்னது இன்னது எனக்குத் தெரியும் என்றால், நான் இப்போது சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்தானே?" சபாநாயகரும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வார்.

அன்று இரண்டு பக்கக் கேள்விகளும் கேட்கப்பட்டன. இவெட் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே எந்தப் பொத்தான் என்று தெரிந்திருக்கும். அவள் கேட்டுக்கொண்டிருந்ததோ தன் நெஞ்சு அடித்துக்கொண்டதை. முப்பது நொடி கொடுத்தார்கள். பின்கதவில் இறங்கும் பிள்ளைகளை நினைத்தாள். பயம் போயிற்று. மசோதா வேண்டும், ஆமாம், ஆமாம் என்று மனதுக்குள் சொல்லி, பச்சையை அழுத்தினாள். தைரியம் வந்தது, கை தப்பிவிட்டது.

சுவரில் இருந்த பலகையில் பெயர்கள் எரிந்தன. தன் பெயர் பச்சையில், லூசியன் பாராட்டுகிற ஆட்களுக்கு நடுவே இருந்ததைப் பார்த்ததும் சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். மறுபடி அழுத்துவதற்குள் பூட்டிவிட்டார்கள். மசோதா இருபத்தாறு வாக்கு வித்தியாசத்தில் செத்தது. அவள் ஒரு வாக்கு எந்தப் பக்கம் போயிருந்தாலும் செத்துத்தான் இருக்கும்.

பக்கத்து இருக்கை வின்ஸ்லோ டேபருக்கு எண்பத்தொரு வயது. ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர், இந்த மசோதாவுக்கு எதிரி. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்பா அழுத்திட்டியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நானும் ஒரு வருஷம் என் சொந்த மசோதாவையே கொன்னிருக்கேன். இந்தா" என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த அமர்வுக்குள்ள எழுதிக் குடுத்தா அவைக்குறிப்புல ஒரு வரி ஏத்துவாங்க. இன்னார் பச்சைய அழுத்தினார், சிவப்ப அழுத்தத்தான் நெனச்சிருந்தார்னு. எண்ணிக்க மாறாது. யாரும் படிக்கவும் மாட்டாங்க. குடுக்காட்டியும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிராது."

சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

வீட்டுத் திருப்பத்தில் காரை நிறுத்திவிட்டாள். வண்டிப்பாதை முழுதும் வழிக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் கத்தியால் சீவியது போல் நேராக இருந்தன. வாசற்படியில்கூடப் பனி இல்லை, உப்புத் தூவியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. லூசியன் அடுப்பருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மேசைமேல் மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் சூடாக இருந்தது, அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்வது போலவே.

"இணையத்துல பாத்தேன்" என்றான் திரும்பாமல். "பேரு பச்சையில இருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன்."

"லூசியன்..."

"பொறு. நான் சொல்லிக்கறேன். அந்தப் பிள்ள காது விஷயம்..." அவன் அடுப்பின் கதவைத் திறந்து மூடினான். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்க, இவி."

அறுபத்து மூன்று ஆண்டுகளில் லூசியன் லாரோஷ் மன்னிப்புக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. இவெட் என்ன செய்வாள்? உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். பலகாரம் அருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் அவன் இன்னொரு துண்டை வைத்தான். அவள் கோழைத்தனத்துக்கு அதுவும் ஒரு சாக்காயிற்று.

அந்த ஒன்பது நாள் அவளுக்குப் பொன்னாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தரம் பனி விழுந்தது, இரண்டு தரமும் தகடு உரசும் சத்தத்தில் கண் விழித்தாள். ஊர்க் கடையில் ஆட்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். சீட்டு கோட்டுப் பையிலேயே கிடந்தது. கை உள்ளே போகும்போதெல்லாம் விரலில் பட்டது.

சனிக்கிழமை வேட்டைக் கழகத்தின் ஆண்டு விருந்து. மான் கறி, முயல் கறி, கடமான் உருண்டை என்று மேசை நிறைந்திருந்தது. லூசியன் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். சாப்பாடு முடிந்ததும் பீர் குவளையோடு எழுந்தான். மேடையைக் கண்டால் ஓடுகிறவன் அன்று தானாக எழுந்தான்.

"என் தங்கச்சி முகத்துக்கு நேரா என்கிட்ட வேற சொன்னா" என்றான். "அப்புறம் யோசிச்சா. யோசிச்சு மாத்திக்கிட்டா. மாத்திக்க எவ்ளோ மனசு வேணும்னு எனக்குத் தெரியும், என்னால முடியாது. அவளால முடிஞ்சுது."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இவெட் சிரித்தாள், கன்னம் வலிக்கச் சிரித்தாள். அண்ணன் தன்னை இவ்வளவு மெச்சி அவள் கேட்டதில்லை. ஆனால் அவன் மெச்சியது வேறு யாரோ ஒருத்தியை. அந்த ஒருத்தி தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் பங்குக் கறியைச் சாப்பிட்டுவிட்டாள் என்று அவளுக்குப் பட்டது. அன்றைய கறி நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பேருந்தை விட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாள். லூசியன் ஒரு வாத்துத் துப்பாக்கிக்கு மரக்கட்டை சீவிக்கொண்டிருந்தான். முந்தைய இரவே எழுதி நிரப்பிய சீட்டை எடுத்து, அவன் முன்னால் பலகைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நான் மாத்திக்கல, லூசியன். தப்பா அழுத்திட்டேன். சிவப்ப அழுத்த நெனச்சேன்."

அவன் கத்தியை வைத்துவிட்டுச் சீட்டைப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

"ஓட்டு மாறுமா?"

"மாறாது."

"மசோதா உசிரோட வருமா?"

"வராது."

"அப்ப இதக் குடுத்து யாருக்கு என்ன? உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அடுப்புல போடு."

"எனக்குத் தெரியுமே."

"ஊரு முன்னால எழுந்து பேசினேன் இவி. என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ எழுந்து பேசினேன்."

"தெரியும். அதனாலதான் வந்தேன்." அவள் பலகைமேல் கிடந்த மரச்சீவலை ஒதுக்கினாள். "நீ அன்னிக்கி சொன்னதெல்லாம் எனக்கு வேணும், லூசியன். ஆனா அது என்னையச் சொன்னது இல்ல."

லூசியன் சீட்டை அவள் பக்கம் தள்ளினான். கட்டையை எடுத்தான். அவள் வாசல்வரை போகும்போதும் கத்தி சீவுகிற சத்தம்தான் கேட்டது. ஒரு வசவு வந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அடுத்த அமர்வு கூடியதும் சீட்டைக் கொடுத்தாள். எழுத்தர் பார்க்காமலே முத்திரை குத்தி ஒரு தட்டில் போட்டார். டேபர் மட்டும் அவள் தோளைத் தட்டிவிட்டு ஓர் ஆப்பிளைக் கொடுத்தார்.

ஏப்ரல் பிறந்த பிறகு, எல்லாரும் பனிவாரியைக் கொட்டகையில் போட்ட பிறகு, கடைசியாக ஒரு பனி விழுந்தது. ஈரமான கனத்த பனி, ஒன்றரை அடி. மறுநாள் சட்டமன்ற அமர்வும் இருந்தது. இவெட் மூன்றரைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள். அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்தது. வெளியே தகடு தரையை உரசிக்கொண்டிருந்தது. அவள் படுக்கையிலேயே கிடந்து அதைக் கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

சத்தம் அடங்கி, வண்டி போய், விடிந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். பேருந்தைச் சுற்றி ஒரு துளி பனி இல்லை. படியில் உப்பு. பேருந்திலிருந்து சாலை வரை, பேருந்தின் அகலத்துக்கு அளந்து வைத்தது போல், சுத்தமான வழி. அவள் தலைநகருக்கு ஓட்டிப் போகும் சின்னக் கார் மட்டும் காணவில்லை. பாதையில் வழித்த பனி மொத்தத்தையும் லூசியன் அதன்மேல் தள்ளிக் குவித்துவிட்டுப் போயிருந்தான். ஏரியல் கம்பியின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இவெட் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்து பேருந்தைக் கிளப்பி, ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் முதல் நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றினாள். திரும்பி வந்து பனிவாரியை எடுத்துக்கொண்டு காரைத் தோண்ட ஆரம்பித்தாள். மதிய அமர்வுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.